நாற்பத்திரண்டு அடி அன்டெனா

அண்ணை,

உங்கள் அன்டெனா இப்போது என் சமையலறை மேசையில் இருக்கிறது. நேற்று மதியம் உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கொண்டுவந்து தந்தார். நீங்கள் கடைசியாகச் சுற்றிவைத்த, இடுப்பில் கட்டும் உங்கள் நீலச் சாரத்துக்குள்ளேயே இருந்தது. அவிழ்த்தபோது பூச்சி உருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில், நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் வாசனை. பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடச் சற்று நீளமான, தட்டையான ஒரு கறுப்புக் கோல். மூன்று மீற்றர் வயர். வேறொன்றும் இல்லை. ஆனாலும் இதைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் பயம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முக்கியமானதை முதல் பந்தியில் சொல்லவேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பழகியவன் நான். உங்களுக்குச் சொல்லவேண்டியிருந்த ஒன்றை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கணக்கு மாஸ்டர் வீட்டில் நீங்கள் நட்ட அன்டெனாவைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான்தான். அவர் வீடு இருந்த ஒழுங்கையின் பெயரை எழுதினேன். உயரத்தை எழுதினேன். அது வெளியான நான்காம் நாள் இராணுவ ஜீப் வந்தது. மாஸ்டர் திரும்பி வரவில்லை. அந்த அன்டெனாவுக்காக நீங்கள் உயர்த்திய பைப்பால்தான் அவர் போனார் என்று நீங்கள் நம்பினீர்கள். அந்த நம்பிக்கையோடு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக என் பக்கத்தில் வாழ்ந்தீர்கள். நான் அதைத் திருத்தவில்லை.

ஜீப்பில் வந்தவர்கள் தமிழ்ப் பத்திரிகை படித்தார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. படிக்கவில்லை என்பதற்கும் இல்லை. நீங்கள் அந்தச் செய்தியைப் பார்த்தீர்களா என்பதும் தெரியாது. அது வெளியான அன்று நீங்கள் பூஸ்டர் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தீர்கள். அன்டெனாவை நட்டவனையும் தேடுகிறார்கள் என்று அறிந்ததும் ஊர் திரும்பாமல் அங்கிருந்தே வெளிக்கிட்டீர்கள். கடலுக்கு அப்பாலிருந்து வரும் இந்தியப் படத்தைப் பிடிக்க அந்த நாளில் வீட்டுக்கு வீடு பைப் உயர்ந்தது. அன்டெனா அலையை வாங்கும், அனுப்பாது. மாஸ்டர் அதைச் சொல்லிப் பார்த்திருப்பார். “ஆரோடை கதைக்கிறாய்?” என்றுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அவருடைய மனைவி பிறகு என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதினேன். செய்தியாக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் வுப்பர்டாலில் ஓர் அகதி விடுதியில் நான் உங்களைக் கண்டபோது நீங்கள் எனக்கு ஐந்து மாதம் முந்தி அங்கே வந்திருந்தீர்கள். பதினாறு பேருக்கு ஒரு தொலைக்காட்சி. படம் முழுக்கப் புள்ளி. யாரோ உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துப் பின்னால் சொருகியிருந்தார்கள். “ஊரில என்ன வேலை செய்தனீங்கள், அண்ணை?” என்று ஒருவர் கேட்டார். “கடையில நிண்டனான்” என்றீர்கள். மூன்று கிராமங்களுக்கு அன்டெனா நட்ட கை உங்களுடையது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். எதற்காகச் சொல்கிறீர்கள் என்பதும் தெரியும். அன்றே சொல்லியிருக்கலாம். கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

போன வருடம் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. கேபிள் தொலைக்காட்சி இனி வாடகையோடு சேராது, வேண்டியவர்கள் தனியே ஒப்பந்தம் போடவேண்டும் என்று. நான் மூன்றாம் மாடி, நீங்கள் கீழ்வீடு. கடிதத்தோடு மேலே வந்தீர்கள்.

“நிருபர், இதென்ன புதுக்கூத்து? என்ரை எட்டு மணிச் செய்தியை நிப்பாட்டப்போறாங்களோ?”

“ஒப்பந்தம் தேவையில்லை, அண்ணை. அன்டெனா ஒண்டு வைச்சால் அரசுச் சனல் எல்லாம் சும்மா வரும். தெளிவு எண்டால் அப்பிடித் தெளிவு.”

“சும்மாவோ? மூண்டு மாசத்துக்கொருக்கா கட்டுற ரீவி வரிக் காசை மறந்திட்டீர்.”

சிரித்தீர்கள். ஆனால் ‘அன்டெனா’ என்று நான் சொன்னதும் கடிதத்தை நான்காக, பிறகு எட்டாக மடித்ததைக் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வாங்கிவந்தேன். உங்கள் வரவேற்பறையில் வைத்தால் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அறிவிப்பாளரின் வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். குளிருக்காகப் புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது, அது அலையைத் தடுக்கும் என்று படித்திருந்தேன். திரையில் அலையின் அளவு பார்த்தேன். உள்ளே முப்பத்தொன்று வீதம். பல்கனிக்கு வெளியே நீட்டினால் எண்பத்துநான்கு.

“வெளியில வைக்க ஏலாது” என்றீர்கள்.

“ஏன், அண்ணை?”

“ரோட்டுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் என்ன? இது ஜெர்மனி.”

“ஓம், ஜெர்மனிதான். ரோட்டு ரோட்டுத்தானே.”

நான் விடவில்லை. உங்களுக்கு எட்டு மணிச் செய்தி வேண்டும் என்பதற்காகத்தான் விடவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஓர் அன்டெனா வெளியே நின்று, அதனால் யாருக்கும் ஒன்றும் நடக்காமல் போவதை நான் ஒருமுறையாவது பார்க்கவேண்டியிருந்தது. அதற்கு உங்கள் பல்கனியைப் பயன்படுத்தினேன்.

பல்கனிக் கம்பியில் பிடியை இறுக்கிக் கோலைச் சொருகினேன். படம் வந்து வந்து நின்றது. நீங்கள் சோபாவில் கண்ணை மூடியபடி இருந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, “வடக்காலை கொஞ்சம் திருப்பும். அந்தக் குன்று மறைக்குது” என்றீர்கள். திருப்பினேன். “அவ்வளவில்லை. சீ, விடும்.” எழுந்து வந்தீர்கள். இரண்டு விரலால் தொட்டீர்கள், அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டு. அறிவிப்பாளரின் கழுத்துப்பட்டியில் கோடு கோடாக நூல் தெரிந்தது.

“எட, இவரின்ரை மயிரை எண்ணலாம் போலை கிடக்கு” என்றீர்கள். அந்த விடுதியில் மறைத்த கையை அன்று முதல் தடவையாக வெளியே எடுத்திருந்தீர்கள். பிறகு உடனே குனிந்து, பல்கனிக் கம்பிக்கு மேலால் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். “அந்தக் காலத்துப் படம் மங்கும், தம்பி, ஆனா நிக்கும். இது அப்பிடியில்லை. ஒண்டில் பளிச்செண்டு நிக்குது, இல்லையெண்டால் ஆளே இல்லை.”

ஐந்தாம் நாள், காலை பத்தரைக்கு என் தொலைபேசி அடித்தது. அக்கா டொக்டர் குறித்துக் கொடுத்த டெர்மினுக்குப் போயிருந்தார். உங்கள் குரல் அடித்தொண்டையில் இருந்தது.

“தம்பி, வந்திட்டாங்கள்.”

“ஆர், அண்ணை?”

“ரெண்டு பேர். ஒரே மாதிரி உடுப்பு. கையில பேர்ப்பட்டியல். புல்லுக்கை நிண்டு என்ரை பல்கனியைக் காட்டிக் கதைக்கிறாங்கள்.”

“கட்டிடம் பாக்கிற ஹவுஸ்மைஸ்டரா இருக்கும்.”

“ஹவுஸ்மைஸ்டர் இடுப்பில வோக்கி டோக்கி கொழுவிக்கொண்டோ வாறவர்? நீர் மேலேயே இரும். இறங்காதையும்.”

நான் உடனே இறங்கவில்லை. கதவடியில் நின்றேன். இரண்டு நிமிடம், கூடினால் மூன்று. அதற்குள் மேசை லாச்சியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். இந்த நாட்டுக் கடவுச்சீட்டு. இருபது வருடத்துக்கு மேலாக என்னிடம் இருக்கிறது. எதற்காக எடுத்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் விளக்கியிருக்க முடியாது. உங்களைப் பயந்தவர் என்று பகிடி பண்ணியவன் நான்.

அக்கா தந்து வைத்திருந்த திறப்பால் உங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். நீங்கள் குளியலறையில் விளக்குப் போடாமல் தொட்டியின் விளிம்பில் இருந்தீர்கள். தொலைக்காட்சியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தீர்கள்.

“சாமான் எங்கை?” என்று கேட்டேன். நானும் அதை ‘சாமான்’ என்றுதான் சொன்னேன், பாருங்கள்.

“வோஷிங் மெஷினுக்கை. சாரத்தாலை சுத்திக் கிடக்கு.”

மணி அடித்தது. என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். “திறக்காதையும். நான் ஆஸ்பத்திரியில எண்டு சொல்லும்.” “திறக்காமல் எப்பிடியண்ணை சொல்லுறது?” என்றேன். வேறு நாள் என்றால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். திரும்பவும் மணி அடித்தது. கையை விடுவித்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

தாடி வைத்த ஒருவர், தோளில் கருவிப்பை. மற்றவர் எதிர்வீட்டு மணியை அடித்துக்கொண்டிருந்தார். கேபிள் ஒப்பந்தம் போடாத வீடுகளில் சுவர் இணைப்பை மூடி முத்திரை வைக்க வந்திருப்பதாகச் சொன்னார். உள்ளே வந்தார், மூடினார், கையெழுத்து வாங்கினார். நான்கு நிமிடம். போகும்போது பல்கனியில் வெறுமனே நின்ற பிடியைப் பார்த்தார். “அன்டெனாவா? நல்ல யோசனை” என்று ஜெர்மனில் சொன்னார். “இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள், படம் தெளிவாக வரும்.”

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். நீங்கள் குளியலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

“கேட்டனீரோ? அதே சொல்லு. மாஸ்டருக்கு நான் சொன்ன அதே சொல்லு. ‘இன்னும் ரெண்டு பைப் போடுவம், மாஸ்டர், படம் தெளிவாய் வரும்’ எண்டு. அவர் இது காணும், போதும் எண்டவர், தம்பி. காணும் எண்டவர். நான்தான் விடேல்லை.”

அவ்வளவு வருடத்தில் நீங்கள் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அழுதீர்கள். நான் உங்களுக்கு எதிரே, ஒரு கை நீளத்தில் நின்றேன். சொல்லவேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. ‘பைப்பால இல்லை, அண்ணை, பேப்பராலையாயும் இருக்கும், எழுதினது நான்.’ எத்தனையோ தடவை வெட்டித் திருத்தி வைத்திருந்த வாக்கியம். வாயைத் திறந்தேன்.

“தேத்தண்ணி போடட்டே, அண்ணை?” என்றேன்.

அதிலிருந்து பதினேழாம் நாள் நீங்கள் இல்லை. இருதயம் என்றார்கள். அந்தப் பதினேழு நாளும் அன்டெனா சாரத்துக்குள்ளேயே கிடந்தது. தினமும் எட்டு மணிக்கு நான் கீழே வந்தேன். திரை கறுப்பாக இருக்கும். “செய்தி வேண்டாம், தம்பி” என்பீர்கள். “சும்மா இரும்.” இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்று நினைத்துத்தான் படியிறங்குவேன். படியேறும்போது, நல்லவேளை சொல்லவில்லை என்று மூச்சு விடுவேன்.

நேற்று அக்காவிடம் சொன்னேன். அவர் அன்டெனாவை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமலே, கோட்டோடு நின்றபடி கேட்டார். நான் முடித்ததும் அன்டெனாவை என் பக்கம் தள்ளினார்.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? அவருக்கெல்லோ சொல்லியிருக்கவேணும். நித்திரையிலயும் பைப், பைப் எண்டு புலம்பின மனுசன்.”

“பயந்திட்டன், அக்கா.”

“அவரும் பயந்தவர்தான். ஒரு பயத்தை ரெண்டாய்ப் பிரிச்சிருக்கலாம்.” பிறகு கைப்பையிலிருந்து தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். “மாஸ்டரின்ரை மகள் கார்ல்ஸ்ரூஹேயில மருந்துக்கடையில நிக்கிறாள். வருசா வருசம் பொங்கலுக்கு இவர்தான் போன் எடுத்துக் கதைக்கிறவர். அவளுக்குச் சொல்லுங்கோ. எனக்கில்லை.”

இன்று காலை மூன்று தடவை கடைசி இலக்கத்துக்கு முன் நிறுத்தினேன். நான்காவது தடவை மணி போய்விட்டது.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

பெயரைச் சொன்னேன். “பேப்பர் மாமாவோ? மாமா உங்களைப் பற்றிச் சொல்லுறவர்” என்றாள். என்ன சொன்னீர்கள், அண்ணை? கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன். ஒழுங்கை, உயரம், நான்காம் நாள், ஆதாரம் இல்லை என்பது, எல்லாம். மறுமுனையில் ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. எங்கோ தனியாகப் போய் நின்றிருக்கவேண்டும்.

“அதில அப்பாவின்ரை பேர் இருந்ததோ?”

“இல்லை, பிள்ளை. ‘ஆசிரியர் ஒருவர்’ எண்டு.”

“அந்தப் பேப்பர் உங்களிட்டைக் கிடக்கோ?”

“இல்லை. ஆனா எனக்கு மனப்பாடம்.”

“சொல்லுங்கோ.”

சொன்னேன். ஒழுங்கையின் பெயரில் தொடங்கி, ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நாற்பத்திரண்டு அடி உயரத் தொலைக்காட்சி அன்டெனா நிறுவப்பட்டுள்ளது என்று. வட்டாரத்தில் இதுவே மிக உயரமானது என அயலவர்கள் கூறுகின்றனர் என்று. “மழை நாளிலும் படம் கலங்குவதில்லை என்று அவர் சிரித்தபடி தெரிவித்தார்.” அதுதான் கடைசி வரி.



“அப்பா சிரிச்சவரோ?”

“ஓம், பிள்ளை. நான் பக்கத்தில நிண்டனான்.”

“எனக்கு எட்டு வயசு. அவரின்ரை சிரிப்பு எனக்கு ஞாபகமில்லை.” அவள் குரல் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நீங்கள் இனி எடுக்காதையுங்கோ. எடுக்கிறதெண்டால் நான் எடுக்கிறன்.”

வைத்துவிட்டாள்.

காலையிலிருந்து தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். குளிக்கப் போனபோது குளியலறைத் தட்டில் வைத்தேன், அலை தடைப்படாமலிருக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் எடுத்தால் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஏன் இவ்வளவு வருசம் என்று கேட்பாள். அதற்கான முதல் வரியை எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருக்கிறேன், அண்ணை.