ரயில் கேட்டுக்கு ஆள் தேவையில்லை என்று தீர்மானித்தது யார்?

அனுப்புநர்:
ரயில் அடித்து இறந்த தையல்காரப் பெண்ணின் பாட்டி,
தண்டவாளத்தை ஒட்டிய கடைசி வீடு.

பெறுநர்:
ரயில் பாதைப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: எங்கள் தெருமுனையில் ரயில் கேட் அமைத்து ஆள் போடுவது, அல்லது அறிக்கையில் உள்ள ‘தேவையில்லை’ என்ற சொல்லை நீக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் என் மனுவை நானேதான் எழுதுவேன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணல் இல்லை.

1. என் மகனின் மூத்த மகள் தையல் கம்பெனிக்குப் போகும்போது எங்கள் தெருமுனையில் ரயில் அடித்து இறந்தாள். வளைவு மறைப்பதால் அங்கே ரயில் வருவது தெரியாது. கேட்டும் இல்லை, ஆளும் இல்லை. ஆள் கேட்டு மனு கொடுத்தோம். உங்கள் பொருளாதார ஆலோசகர் வந்து பார்த்து அறிக்கை எழுதினார்.

2. அதில் சொன்னது: அந்த வழியாகப் போகிறவர்கள் குறைவு. கேட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு அதிகம். அந்தப் பெண்ணுக்குப் பிறகு விபத்து ஏதும் இல்லை. ஆகவே ஆள் தேவையில்லை.

3. முதல் மூன்றும் உண்மை, ஐயா. உண்மையை இல்லை என்று சாதிக்கிற வளர்ப்பு எனக்கில்லை. ஆனால் நாலாவது எப்படி அந்த மூன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது? எண்ணினால் தலை தெரியும், செலவு தெரியும். எத்தனை தலைக்குக் குறைந்தால் ஒரு உயிரை விட்டுவிடலாம் என்பது எண்ணினால் தெரியாது. அதை ஒரு மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். இதைக் கேட்டதற்கு ஆலோசகர், “பாட்டிம்மா, நாங்க எங்க சொன்னோம்? கணக்கு சொல்லுது” என்றார். கணக்குக்கு வாய் இருந்தால் நான் ஏன் அவரிடம் போய் நிற்கப்போகிறேன்?

4. பிறகு விபத்து ஏன் நடக்கவில்லை என்பது அறிக்கையில் இல்லை. காலையும் மாலையும் சிவப்புத் துணியோடு அங்கே நின்று, ரயில் சத்தம் கேட்டதும் தாண்டுகிறவர்களை மறிப்பது நான். இளைய பேத்தியும் அதே கம்பெனிக்குத்தான் போகிறாள், வேறு வழி கிடையாது. ஆலோசகர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத்தான் எண்ணினார்.

5. ஆகவே ஆள் போடுங்கள். முடியாதென்றால் ‘தேவையில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘செலவு அதிகம், இங்கே யாராவது செத்தாலும் பரவாயில்லை என்று நான் தீர்மானித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தண்டவாளத்தருகே பலகையாக நடுங்கள். தினமும் தாண்டுகிறவள் படித்துவிட்டுத் தாண்டட்டும்.

எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். போன வாரம் ரயில் வந்தது எனக்குக் கேட்கவில்லை. இளையவள்தான் என்னைப் பிடித்து இழுத்தாள்.

நாள்: மூத்தவள் போய் ஓராண்டு நிறைந்த மறுநாள்
இடம்: மேற்படி வீடு

இப்படிக்கு,
(கையெழுத்து)
இரண்டு பேத்திகளின் பாட்டி