குரலுக்கு விழுந்த மாலை

நண்பா,

இன்று சாயங்காலம் ஃபேரர் பார்க் பக்கம் நடந்தபோது, திடலில் எவனோ மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று ஊதிக்கொண்டிருந்தான். என்ன கூட்டமோ, யார் பேசப்போகிறார்களோ. அதற்குள் ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கு ஒரு கோபச் சிரிப்பு வருமே, அது எனக்கு வந்தது. நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது. சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் நீ சாமான் கிடங்கில் இருந்தாய். நான் கப்பலின் அடிவயிற்றில் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை விட்டால் இருவருக்கும் நாடக மன்றம்தான் வீடு. அந்த ஐம்பதுகளில் திடல் இருந்த இடத்திலெல்லாம் மேடை இருந்தது, மேடை இருந்தால் மைக்கும் இருந்தது. ஒரு கூட்டம் விடாமல் என்னை இழுத்துக்கொண்டு போவாய். பேசுகிறவரை நீ பார்த்ததே இல்லை, கேட்கிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"போன வாரம் அந்தக் கட்சிக்காரன் பேசினப்பவும் இவங்கதான்டா கைதட்டினாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரின்னா எப்படிலா?" என்பாய். அந்த எரிச்சலில்தான் நீ நாடகம் எழுதினாய்.

இல்லாத ஊர் ஒன்று. அங்கே ராஜா இல்லை, காவலர் இல்லை, தெருமுனை ஒலிபெருக்கியில் வரும் ஒரு குரல் மட்டும். அது அதட்டாது. ஒவ்வொரு காலையும், நேற்று என்ன நடந்தது என்பதை மக்களுக்கு அன்பாகச் சொல்லும். மகனைத் தொலைத்த ஒரு தாயிடம், "அம்மா, உங்களுக்குப் பிள்ளை இருந்ததே இல்லையே" என்று நாள் தவறாமல் சொல்லும். கடைசியில் அவளே, "ஆமாம், எனக்குப் பிள்ளையே இல்லை" என்பாள். உடனே குரல் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, "எல்லோரும் நலமா?" என்று கேட்கும். அப்போது திடலே பதில் சொல்ல மறுத்து அமைதியாக இருக்க வேண்டும், அந்த அமைதியின்மேல் திரை விழ வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் முழு நாடகத்தையும் எழுதியதாகச் சொன்னாய். "நம்ம சனம் புரிஞ்சுக்கும்டா" என்றபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இரும்புச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை என்பதால் குரலாக என்னையே போட்டாய்.

பாதி நாடகத்தில் தொடங்கியது வினை. நம் வழக்கம் உனக்குத் தெரியாதா, நடிப்பு பிடித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி மாலை போடுவார்கள். சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் மாலையோடு ஏறினார். தாயாக நடித்தவருக்குத்தான் என்று நினைத்தேன். மனுஷன் நேரே திரைக்குப் பின்னால் வந்தார். யார் கண்ணிலும் படக்கூடாத என்னைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து, மாலையைப் போட்டு, மைக்கையும் வாங்கிக்கொண்டார். "என்ன கனிவான குரல்! பெத்த தகப்பன் பேசுற மாதிரி இருக்குலா!" திடல் கைதட்டலில் அதிர்ந்தது. நீ மேடை ஓரத்தில் தலையில் கை வைத்து நின்றாய்.

அந்தத் தாய் பிள்ளையை மறுத்த காட்சியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், இப்பவாச்சும் நிம்மதி கெடச்சுச்சே" என்றாள். திரை இடுக்கு வழியாகப் பார்த்த நான் உன் பக்கம் திரும்பினேன்.

கேள்வியைக் கேட்டேன். "நலம்!" என்று திடலே கத்தியது. வேண்டாம் வேண்டாம் என்று நீ எனக்குக் கையாட்டினாய். அமைதி வராமல் திரையை விடக்கூடாது என்று திரை இழுப்பவரிடம் நீ கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்ததால் திரையும் விழவில்லை. குரலை இறுக்கிக்கொண்டு மறுபடி கேட்டேன். இன்னும் உற்சாகமாகக் கத்தினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், "யாரும் பதில் சொல்லாதீர்கள்" என்றேன்.

அவ்வளவுதான், அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். சிணுங்கிய குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். திரை விழுந்தது.

நான் துள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். "கெடச்சிருச்சுடா, நீ கேட்ட அமைதி!"

நீ சாமான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாய். "நான் கேட்டது இது இல்லடா. உன்னை மீறி ஒருத்தராச்சும் பேசினாங்களா?"

"யாருமே பேசல."

"நீ சொன்னதும் நானே மூச்சை அடக்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். நான் மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் பக்கத்தில் நின்றேன்.

அதன்பிறகு நீ எழுதவில்லை. நாடகத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லி ஊரெல்லாம் கேட்டார்கள், குரல் வரும் இடங்களைக் கூட்டச் சொன்னார்கள். காப்பிக்கடையில் என்னைக் கண்டால், "அண்ணே, ஒரு தடவை நலமான்னு கேளுங்களேன்" என்று சிரிப்பார்கள். நீ கண்ணாடிக் குவளையைப் பார்த்தபடி, "ராஜாவையும் சாட்டையையும் வச்சு எழுதியிருக்கணும். அப்பத்தான் கெட்டவன்னு தெரிஞ்சிருக்கும்" என்பாய். பத்து வருடத்துக்கு மேல் உன் எதிரே உட்கார்ந்திருந்தும் உன்னை மறுபடி ஒரு வரி எழுதவைக்க என்னால் முடியவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். செயலாளர் மைக்கை என் கையில் திணித்தார். "மௌன அஞ்சலிய நீங்களே சொல்லிடுங்கண்ணே, உங்க குரல்னா எடுப்பா இருக்கும்லா."

எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னபடி எழுந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. ஒருவராவது வாய் திறக்கமாட்டாரா, உன்னைத் திட்டியாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒருவரும் பேசவில்லை. உன் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது. மௌனம் என்று சொன்னவனே நான், எப்படிப் பேசுவது? அடக்கிக்கொண்டேன். அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.