நிலவறை வாளியில் இருபத்துமூன்று மொட்டுகள்

காஸிக்,

காலை ஆறு மணி பேருந்தில் என் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நாளை மதியம் வந்துவிடுவேன். பீட்ரூட் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக் குடி.

நேற்று நீ அடுப்படிக்குக் கொண்டுவந்த வாளியை மறுபடி நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தயவுசெய்து எடுக்காதே. நம் ஏரியின் பூச்சி தின்னும் செடி, குளிர்காலத்தில் தண்டையும் இலையையும் அழுகவிட்டு, நுனியை மட்டும் மொட்டாக இறுக மூடிக்கொண்டு நீரடியில் தூங்கும். சூடு பட்டால் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி மேலே வந்துவிடும். வெளிச்சமும் இரையும் இல்லாமல் அப்புறம் செத்துப்போகும்.

கோடையில் ஏரி கெட்டபின் அங்கே ஒன்றுகூட இல்லை. வாளியில் இருக்கும் இந்த இருபத்துமூன்று மொட்டுகள்தான் மிச்சம்.

"பாவம், வெறைச்சுப் போயிடும்னுதானே தூக்கிட்டு வந்தேன்"னு நீ சொன்னாய். "வயசு ஏறின அளவுக்குப் புத்தி ஏறலையே"ன்னு நான் கத்தினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நிலவறை ஜன்னல் இடுக்கில் வைக்கோல் அடைத்துவிடு. வாளியில் மேலாக ஐஸ் படிந்தால் பரவாயில்லை, அடிவரை உறையக் கூடாது.

யாத்விகா

கிளம்பும் முன் மறுபடி போய்ப் பார்த்தேன். இரண்டு மிதக்கின்றன. சாயங்காலம் டார்ச் அடித்து எண்ணிவிட்டுப் போன் செய். நான் வருத்தப்படுவேன் என்று குறைத்துச் சொல்லாதே. எத்தனை மிதந்தாலும் திட்ட மாட்டேன். இதைத் தனியாக நினைத்துப் பயந்துகொண்டிருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.