நூல் பிடித்து வெட்டிய எல்டர் வேலி

அப்பா,

ரை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் மேஜையில் இருக்கின்றன. பீர்தே அத்தை வந்தால் சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

என் பட்டமளிப்பு விருந்துக்கு வீடு லட்சணமாக இருக்க வேண்டுமென்று, கொத்தனார் புத்தியோடு நூல் பிடித்து எல்டர் செடி வேலியைச் சுவராக்கிவிட்டீர்கள். போன வருஷக் கிளையில்தான் அது பூக்கும் என்று எத்தனை முறை சொன்னேன்? விருந்துக்கு அதன் வெள்ளைப் பூவில் போடும் சர்பத் போச்சு. கேட்டால், ஊர்ப் பழைய நம்பிக்கையைச் சொல்லி, "தொப்பியக் கழட்டி, செடிக்குள்ள இருக்கிற எல்டர் அம்மாகிட்ட கேட்டுட்டுத்தாம்மா வெட்டினேன்" என்கிறீர்கள். நட்டு வளர்த்த நான் சமையலறையில்தான் இருந்தேன். வீட்டின் முதல் பட்டதாரியிடம் கேட்க என்ன இருக்கிறது!

சிக்னே

பி.கு.: கொட்டகை ஓரம் ஒரு கொத்து மொட்டு தப்பியிருக்கிறது. எல்டர் அம்மாவே சொன்னாலும் தொடாதீர்கள். கத்தரியை நான் எடுத்துப் போகிறேன். ஒரு தம்ளர் சர்பத்துதான் தேறும். அது உங்களுக்கு.