பாராட்டில் சேர்ந்த புகார்

செவ்வாய்க்கிழமை

அம்மையப்பா, உன் தாள் பணிந்து எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி ஆலைப் புகையால் மருமகள் மூச்சுத் திணறுகிறாள். இறைவணக்கத்தில் தொடங்கி, ஆலை செழிக்க வாழ்த்தி முடித்து, முறைப்படி ஆலைக்குப் புகார் அனுப்பியிருந்தேன். பாராட்டுக்கு நன்றி என்று பதில் வந்தது. இன்று நேரில் சென்றேன்.

“கம்ப்யூட்டர்தான் பிரிக்குது, பெரியவரே. வாழ்க, வளர்கன்னு நெறைய கீது, பாராட்டுல போட்டுடுச்சி. அடுத்த தபா திட்டி எழுதுங்க,” என்றாள் அலுவலகப் பெண்.

“நடுவுல மூச்சுத் திணறுதுன்னு எழுதினேனே, அம்மா. அதைப் படிக்கலையா?”

“அது எங்க படிக்குது? நல்ல வார்த்தைய எண்ணிக்கினு போவுது.”

எந்தச் சொல் எதற்காக வந்தது என்று பாராமல் எண்ணுவது வாசிப்பாகுமா? மருமகளின் மூச்சுக்காக நான் வசை பழக வேண்டுமா? மாட்டேன். நாளை அவளையே அழைத்துச் சென்று மேலாளர் எதிரில் உட்கார வைப்பேன்.

இதைப் படிப்பவர் எவராயினும், அவர் இல்லத்தார் அனைவரும் தடையின்றி மூச்சு விடுக.