குனிந்த தலையைப் பார்த்தால்

கள்ளிக்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ஹேமாவதி எழுதுவது. நானும் ரோஷினியும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் மஸ்கட்டில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் பக்கம் ரூம் முழுக்க ஆட்கள், என் பக்கம் உங்கள் அக்கா பேபி அண்ணி. உங்களோடு வேலை செய்கிற தினேஷ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அரையாண்டு லீவு விட்டதிலிருந்து ரோஷினி வீட்டிலேயே கிடக்கிறாள். பேபி அண்ணி வந்து, இன்னா ஹேமா, புள்ளையையும் ஊட்லயே போட்டு வச்சிகினு நீயும் செவுத்தப் பாத்துகினு கீறே, கெளம்பு, யானை பாத்துட்டு வர்லாம் என்றார். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு காப்பகமாம். கோயிலிலும் சர்க்கஸிலும் அடிபட்ட யானைகளைக் கொண்டுவந்து சும்மா விட்டு வைத்திருக்கிறார்களாம். அண்ணி வீட்டுக்காரர் கோதண்டம் அண்ணன் யாரிடமோ வேன் கேட்டு வாங்கிவிட்டார். மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே, கிளம்பிவிட்டேன்.

தலைக்குக் குளித்துவிட்டுக் கல்யாணப் புடவையைக் கட்டு என்று அண்ணி சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எதுவும் லேட்டாகத்தான் உறைக்கிறது. குமணன்சாவடியில் வண்டி நகரவே இல்லை. மெட்ரோ தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலூர் தாண்டிச் சாப்பிட நிறுத்தினார்கள். பையைத் திறந்தால் மிளகாய் போடாத தயிர்சாதம் தனி டப்பாவில். அஸ்வினுக்குக் கட்டுகிற டப்பா. பிள்ளை காய்ச்சலில் போய் இத்தனை மாசமாகிறது, என் கை அதுபாட்டுக்குக் கட்டியிருக்கிறது. நானே சாப்பிட்டேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. உப்பு கம்மியாக இருந்தது.

காப்பகத்து வாசலில் அண்ணிக்கும் அங்கே வேலை செய்கிற பெண்ணுக்கும் சண்டை. அண்ணி மஞ்சள் பையில் வாழைப்பழமும் வெல்லமும் கொண்டுவந்திருந்தார். பழம் கொடுக்கக் கூடாது, தொடக் கூடாது, வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கணும் என்றது அந்தப் பெண். இன்னாம்மா இது, அம்மாந்தூரத்திலேர்ந்து வந்துகினு கீறோம், ஒரு ஆசீர்வாதம் வாங்கக் கூடாதா, உங்கூட்டு யானை இன்னா கலெக்டரா என்று அண்ணி ஒரு பிடி பிடித்தார். கூண்டிலிருக்கும் கிளி மாதிரி அந்தப் பெண் அதே மூன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் பை வாசலிலேயே தங்கியது. அந்தப் பழத்தை வரும்போது வாங்கி வழியெல்லாம் நாங்களே தின்றோம்.

வேலியோரம் போனதும் அண்ணி என் தோளைப் பிடித்து, குனி என்றார். அஸ்வின் வயிற்றில் வருவதற்கு முன்னால் கோயில் யானையிடம் என்னை இப்படித்தான் குனிய வைத்தார், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதே மாதிரி இப்பவும் நடக்கும், அவனே திரும்பி வந்து பொறப்பான், தம்பி அடுத்த மாசம் லீவுல வரான், அவனும் சரின்னுட்டான், நீ குனி என்றார்.

நான் குனிந்தேன்.

தூரத்தில் மரத்தடியில் ஒரு கிழட்டு யானை நின்றிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தது. வேலிக்கு உள்ளே வெட்டியிருந்த பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று தும்பிக்கையைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. பள்ளத்தைத் தாண்டி அதற்கு எட்டாது. வெறும் காற்றில் வைத்து வைத்து எடுத்தது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாத்தியா, குட்த்துட்ச்சு என்று அழுதார். அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஓடிவந்தார். அக்கா, நிமிந்துடுங்க, குனிஞ்ச தலையைப் பாத்தா அது இப்படித்தான் செய்யும், அடிச்சுப் பழக்கிட்டாங்க, மறக்க வைக்கத்தான் நாங்க பாடுபடறோம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு நிமிர வரவில்லை. ஏன் என்று தெரியாது. அது தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தது. ரோஷினிதான் என் முந்தானையை இழுத்து, அம்மா நிமிரும்மா, அது பாவம்மா என்றாள். நிமிர்ந்தேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

வரும்போது வேனில் ரோஷினி கேட்டாள், அப்பா வந்தா தம்பிப் பாப்பா வருமா, அதுக்கும் அஸ்வின்னுதான் பேர் வைப்பீங்களா என்று. குழந்தையிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை. உங்கள் அக்காவிடம் சரி என்றீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அண்ணி கெட்டவர் இல்லை. தினமும் எனக்குச் சாப்பாடு போடுவதே அவர்தான். ஆனால் மாமா, எனக்கு இப்போது இன்னொரு குழந்தை வேண்டாம். அவன் முகத்தோடு வந்தாலும் பயம், வேறு முகத்தோடு வந்தாலும் பயம். எப்போதாவது வேண்டும் என்று தோன்றினால் நானே சொல்கிறேன். தோன்றாமலும் போகலாம். அதற்காகத்தான் வருகிறீர்கள் என்றால் டிக்கெட் போட வேண்டாம்.

அதற்காக இல்லையென்றால் அவசியம் வாருங்கள். அவனைப் புதைத்த கையோடு லீவு இல்லை என்று போனீர்கள். அதற்குப் பிறகு இத்தனை போனில் அவன் பெயரை ஒரு தடவைகூட நீங்கள் சொல்லவில்லை. நான் ஆரம்பித்தால் சரி விடு, சரி விடு என்கிறீர்கள். இதைப் படித்ததும் ரூமை விட்டு வெளியே வந்து ஒரு போன் போடுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம். அவன் பெயரை மட்டும் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காளியம்மா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அஸ்வின் அம்மா