எலி கடித்த ஊதா வயர்

இன்று காலை வெள்ளை அம்பாசடரின் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ரப்பர் கருகி, பழைய சீட்டுப் பஞ்சும் சூடேறிய வாடை. மூக்கால் மோந்தே எந்த வயர் என்று சொல்லக்கூடியவர்கள் திருநெல்வேலியில் இரண்டு பேர்தான். ஒருத்தர் நீர், நீர் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னொருத்தன் நான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். மறுத்துப் பேச நீர் இல்லையே.

என் டிரைவர் செல்லத்துரை பக்கத்தில் நின்றான். "ஹாரன் அடிக்கல அண்ணாச்சி. மேல் லைட்டும் எரியல" என்றான். இரண்டும் ஒன்றாகப் போனால் ஊதா வயர்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்று உமக்குத் தெரியும்.

என் இளவயதில் இந்தக் கார் பாளையங்கோட்டையில் தலைமையாசிரியர் ஐயாவிடம் இருந்தது. எட்டாம் வகுப்பை முக்கால்வாசி படித்துவிட்டு நான் அவருக்கு டிரைவராக இருந்தேன். ஐயா மகள் வீட்டுக்குப் போன நாலு நாளில், அவருக்குத் தெரியாமல் சாத்தான்குளத்துத் தசராக் குழுவைக் குலசேகரன்பட்டினத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிற காருக்குள் காளி, கரடி, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டிய பதினேழு பேர். காளியின் மரக்கைகள் எட்டும் நாலு ஜன்னல் வழியாகவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பேட்டரியில் எரிகிற சீரியல் பல்பு கட்ட வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது? கூரை விளக்குக்குப் போகிற ஊதா வயரைப் பல்லால் சுரண்டி, சீரியல் வயரை முறுக்கி, மருந்துக்கடை பிளாஸ்திரியைச் சுற்றினேன். கார் ஜொலித்த ஜொலிப்பில், கடலில் போன தோணிக்காரன் கலங்கரை விளக்கம் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டானாம். உடன்குடியில் பியூஸ் போனது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றித் திரும்பச் செருகினேன். பியூஸ் தப்பித்தது, வயர் வெந்தது. கூரையிலிருந்து புகை வந்தபோது முதலில் குதித்து ஓடியது காளிதான்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு காலையில் ஐயா காரில் ஏறுவார். "என் வண்டி வயர்ல எவன் கை வச்சாலும் அன்னைக்கே அவனுக்கு வேலை கிடையாது" என்பது அவர் சட்டம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஈயத்தாளை உருவி எறிந்துவிட்டு, கார் வயரிங் வேலை பார்க்கிற உம்மிடம் வந்தேன்.

"என்னவே ஆச்சு?" என்று கேட்டீர்.

"தெரியலவே. சும்மா நின்ன வண்டி. ஹாரன் அடிக்க மாட்டேங்கு."

"சும்மா நின்ன வண்டியா? சீட்டுல என்னவே செகப்புச் சாயம்?"

"ஐயா பரீட்சைப் பேப்பர் திருத்துனாங்க. மை கொட்டிட்டு."

நீர் சிரிக்கவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே ஏறினீர். எந்தக் காரானாலும் அப்படித்தான் ஏறுவீர். பியூஸ் இருந்த இடத்தில் உம்முடைய டெஸ்ட் பல்பை மாட்டினீர். பளிச்சென்று எரிந்தது.

"எங்கனயோ வயர் தகரத்தத் தொடுது. தொடுத வரைக்கும் இது எரியும். விட்டா அணைஞ்சிரும். நீரு பல்ப மட்டும் பாத்துச் சொல்லும்வே" என்றீர்.

ஹாரன் வயரைக் கழற்றினீர், பல்பு அணையவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு சாணாக வயரை அசைத்துக்கொண்டே போனீர். குழந்தையின் முடியில் சிக்கெடுக்கிற மாதிரி இருந்தது உம்ம கை. ஒரு இடத்திலும் இழுக்கவில்லை, ஒரு இடத்திலும் அவசரப்பட்டு வெட்டவில்லை. நானோ, பல்பு எங்கே அணையும் என்று தெரிந்தே, அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் ஓயாதவன் நான். அன்று அஞ்சு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அந்த வெயிலில், அந்தத் தகர டப்பாவுக்குள், உம்மைத் தேடவிட்டேன்.

கடைசியில் கதவுத் தூண் வழியே மேலே போய், கூரைத் துணியைப் பைய இறக்கி, உள்ளே இரண்டு விரலை விட்டீர். பல்பு அணைந்தது. உம்ம விரல் பிளாஸ்திரியில் நின்றது. என்னைப் பார்த்தீர். அந்த நேரம் பார்த்தா ஐயா வந்து நிற்க வேண்டும்! ஊரிலிருந்து வந்தவர், கார் இங்கே நிற்கிறது என்று யாரோ சொல்ல, பையோடு நேராக வந்துவிட்டார்.

"என்னப்பா கோளாறு?"

நீர் அந்த இணைப்பைக் கத்தரித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டீர்.

"எலி கடிச்சிருக்குங்கய்யா."

"காருக்குள்ள எலியா?"

"ஆமாங்கய்யா. நல்லா தின்னு கொழுத்த எலி."

அவர் போன பிறகு வெந்துபோன வயரை முழுசாக மாற்றினீர். தகரத்தின் ஓட்டை வழியே நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் போட்டீர். கடைசியாக, கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த எலிகிட்டச் சொல்லி வையும்வே. அடுத்த தடவ தனி வயரும் தனி பியூசும் போட்டுக் கடிக்கச் சொல்லும்" என்றீர். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஐயாவிடமிருந்து இந்தக் காரை நானே வாங்கினேன். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும், "இதுல ஓடுத வயர் பூரா நான் போட்டது" என்று உம்மை வைத்துக்கொண்டே அளந்தேன். நீர் டீயை ஆற்றியபடி, "ஆமா, அண்ணாச்சிதான் பல்பப் பாத்துக்கிட்டாவ" என்பீர். ஒரு தரம்கூட அந்தப் பிளாஸ்திரியைப் பேச்சில் இழுத்ததில்லை. நானாக இருந்தால் அந்தக் கதையைக் கன்னியாகுமரி வரைக்கும் கொண்டுபோயிருப்பேன்.

நீர் போன பதினாறாம் நாள் உம்ம வீட்டுக்காரி ஒரு பிஸ்கட் டப்பாவைத் தந்தாள். "இது என்னன்னு தெரியல அண்ணே. தூரப் போட விடமாட்டாவ" என்றாள். உள்ளே டெஸ்ட் பல்பு. அதன் அடியில், பிளாஸ்திரி சுற்றிய கரிந்த வயர்த் துண்டு.

இன்று அந்த பல்பைத்தான் எடுத்தேன். பியூஸைக் கழற்றினால், அதில் மிட்டாய் ஈயத்தாள் சுற்றியிருந்தது. செல்லத்துரை தரையைப் பார்த்தான். ஐயாவின் சட்டத்தை நானும் அவனிடம் சொல்லித்தான் வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, பியூஸ் இடத்தில் பல்பை மாட்டினேன். சாண் சாணாகப் போனேன். மேலே, கூரைத் துணிக்குள், போன் சார்ஜருக்காக அவன் முறுக்கிவிட்ட வயர், செலோடேப்போடு உருகிக் கிடந்தது. பல்பு அணைந்தது. அவன் முகமும்தான். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடு அவனுடையது.

எதிர்த்த பலசரக்குக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். "என்ன அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சா?"

எப்பேர்ப்பட்ட கதை வே! தொண்டை வரை வந்துவிட்டது. துண்டைக் கத்தரித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"எலி கடிச்சிருக்கு" என்றேன்.

அவர் போனதும், தனி வயரும் தனி பியூசும் செல்லத்துரையையே போட வைத்தேன். நான் பல்பைப் பார்த்துக்கொண்டேன்.

டப்பாவில் இப்போது இரண்டு துண்டுகள் கிடக்கின்றன. காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து போய்விட்டார்கள், ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பொறுக்க முடியாமல்தான் உமக்கு எழுதுகிறேன். நீர் யாரிடமும் சொல்ல மாட்டீர்.